குழாயும் கேசரி பவுடரும்

இந்த மாத பில்லில் தண்ணீர் 26 கியூபிக் மீட்டர். வழக்கமாக 17 தாண்டாத வீடு. அம்மா ஊரிலிருந்து வந்திருப்பதால் என்று மனசுக்குள் பழியைப் போட்டுவிட்டேன் (வாயால் சொல்லவில்லை, நல்லவேளை).

சிங்கப்பூரில் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு கியூபிக் மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 24 காசு. ஜிஎஸ்டி தனி. இதில் தண்ணீருக்கென்று போவது பாதிகூட இல்லை. அந்தக் கட்டணத்தின் மேல் 50 சதவீதம் தண்ணீர் சேமிப்பு வரி, அப்புறம் கழிவுநீருக்கு ஒரு தொகை. மாதம் 40 கியூபிக் மீட்டரைத் தாண்டினால் விலையும் ஏறும், சேமிப்பு வரியும் 65 சதவீதமாகும். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கு யூ-சேவ் என்ற அரசுத் தள்ளுபடி பில்லில் வருவதால் பல மாதம் நான் இதையெல்லாம் படித்ததே இல்லை.

இந்தத் தடவை படித்தேன். 9 கூடுதல், 29 வெள்ளி 16 காசு.

ராத்திரி எல்லாரும் தூங்கினபிறகு மீட்டரைப் பார்த்தால், குழாய் ஒன்றும் திறக்காமலே சின்ன முள் சுற்றுகிறது. டாய்லெட் ஃப்ளஷ் தொட்டியில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டேன். பத்து நிமிஷத்தில் கீழே பேசின் ஆரஞ்சு.

அம்மா எட்டிப் பார்த்து, "நான் வந்த அன்னைக்கே சொன்னேனே, உள்ளே ஏதோ ஒழுகுற சத்தம் கேக்குதுன்னு. நீதான் ஏசி சத்தம்னே."

வாஷர் மாற்றியாச்சு. கேசரி பவுடர் டப்பாவைக் காணோம் என்று மனைவி தேடிக்கொண்டிருக்கிறாள்.