அந்த வாரம் அவன் தொடவே இல்ல

"வேலைய வச்சு சொல்லுங்க்கா, புகைய வச்சு சொல்லாதீங்க." எங்க திருப்பூர் பனியன் ஆபீஸ்ல காஸ்ட்டிங், அதாவது பீஸுக்கு என்ன வெலைன்னு கணக்கு போட்டுட்டிருந்த தம்பி இப்படித்தான் கேட்டான். அதுக்கு நான் பதிலே சொல்லல. நாளைல இருந்து காஸ்ட்டிங் நீ பாக்க வேண்டாங்கண்ணு, சாம்பிள் பக்கம் போயிடுன்னு சொல்லீட்டு டையிங்காரருக்கு போன் போட ஆரம்பிச்சுட்டேன். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு "செரீங்க்கா"ன்னு போயிட்டான். இது நடந்து ஒரு சீசனே முடிஞ்சுபோச்சு, அவனும் சாம்பிள்ல நல்லாத்தான் இருக்கறான், ஆனா நான் பதில் சொல்லாம விட்டது எனக்கு இன்னும் உறுத்திட்டே இருக்கு.

அவன் கஞ்சா அடிக்கறத யாரும் எங்கிட்ட போட்டுக் குடுக்கல. அவனாத்தான் சொன்னான். காலைல கேட்ட கேள்வியவே மத்தியானமும் வந்து கேக்கறானே, என்ன தம்பி ஒடம்புக்கு முடியலயான்னு கேட்டேன், அதுக்கு மறைக்காம சொல்லீட்டான். கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப, பத்தொம்போது வயசுல பழகினதாம், ராத்திரி ரூமுக்குப் போயி ஒண்ணு அடிச்சாத்தான் மண்டை ஓடுது, ஆபீஸ்ல தொட்டதே இல்லீங்க்கான்னான். நான் திட்டல. அக்கான்னு நம்பி சொன்ன பையனத் திட்டி என்ன ஆகப்போகுது. விட்டுரு கண்ணு, உனக்கு வேண்டாம்னு மட்டும் சொன்னேன்.

அதுக்கப்புறம்தான் அவன் போடற காஸ்ட்டிங் ஷீட்ட நான் உத்துப் பாக்க ஆரம்பிச்சதே. எனக்கு மொத உறுத்தல் இங்கதான். விசயம் தெரிஞ்ச பொறகு பாத்தா எந்தத் தப்பும் அதுனாலதான்னு தோணும்ல. மத்த பசங்க ஷீட்ட அப்படி உத்துப் பாத்தேனான்னா, இல்ல.

ஆனா நான் பாத்தது பொய்யும் இல்ல. காஸ்ட்டிங் பெரிய கணக்கெல்லாம் கிடையாது, கூட்டல் பெருக்கல்தான், கஷ்டம் என்னன்னா எல்லாமே ஒரே நேரத்துல தலைல நிக்கோணும், நூல் வெலை, நிட்டிங், சாயம் போடற டையிங், துணி அப்புறம் சுருங்காம இருக்கப் பண்ற காம்பாக்டிங், சுருக்கம், வேஸ்டேஜ், பிரிண்ட், வெட்டித் தெச்சு முடிக்கற கூலி சிஎம்டி, டாலர் ரேட், இதுக்கு நடுவுல ஆர்டர் குடுக்கற பையர் மூணாவது மெயில்ல போற போக்குல ஒரு வரிய மாத்தி விட்டிருப்பான், அதையும் பிடிக்கோணும். ஒண்ணப் பாக்கறப்ப இன்னொண்ணு நழுவக் கூடாது. தம்பிக்கு நழுவுச்சு. கஞ்சாவுல இருக்கற, போதை ஏத்தற டிஹெச்சி மூளைல ஒரு ரிசப்டர்ல போய் ஒட்டுதாம், 1988ல கண்டுபிடிச்சிருக்காங்க, அந்த ரிசப்டர் எச்சா இருக்கற எடங்கள்ல ரெண்டு என்னன்னா புதுசா கேட்டத ஞாபகத்துல பதிக்கற ஹிப்போகேம்பஸும், நாலு விசயத்த ஒண்ணா வச்சு ரோசிக்கற நெத்திப் பக்கத்து மூளையும். படிச்சப்ப, எங்க வேலைக்கு என்ன வேணுமோ அதையேதான் போய்த் தொடுதுன்னு தோணுச்சு. பழைய விசயம் மறக்கறது கம்மி, இப்பக் காதுல விழுந்தது நிக்காமப் போறதுதான் எச்சு.

ராத்திரி ஒரு மணிக்கு, ரெண்டு மணிக்கெல்லாம் மெயில் போடுவான். அக்கா ஒரு ஐடியான்னு ஆரம்பிச்சு நெம்ப நீளமா. ஒரே பையரோட பெரியவங்க ஸ்டைலையும் கொழந்தைங்க ஸ்டைலையும் ஒரே லேல, அதாவது வெட்டறதுக்கு அடுக்கி விரிக்கற துணில போட்டா, பெரிய பாகங்களுக்கு நடுவுல இருக்கற சந்துல சின்னக் கை, பாக்கெட் எல்லாம் உக்காந்துரும், துணி மிச்சம்னு எழுதியிருப்பான். காலைல எடுத்துப் பாத்தா ரெண்டு ஸ்டைலோட பீஸ் கணக்கு ஒத்து வராது, இல்லீன்னா கலரே வேற. 2022ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, கஞ்சா அடிச்சவங்க தங்களோட ஐடியாவையும் அடுத்தவங்களோடதையும் எச்சா மெச்சிக்கறாங்க, ஆனா அடிக்காதவங்கள விட அவங்க ஐடியா ஒண்ணும் புதுமையா இல்லன்னு. அதப் படிச்சப்ப இதுதாண்டா உன்னோட ராத்திரி மெயில்னு நெனச்சேன். ஆனா ஒரு ஆர்டர்ல அந்த ஐடியா நெசமாவே பொருந்துச்சு. கட்டிங் மாஸ்டர் பாகங்கள வரிசையா வரையற மார்க்கரப் போட்டுப் பாத்துட்டு "தம்பி சொல்றது நடக்குமுங்க"ன்னார், துணியும் மிச்சமாச்சு. அது அவன் அடிச்சிட்டு எழுதினதா, தெளிவா இருக்கறப்ப எழுதினதான்னு நான் கேக்கல. கேட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னும் தெரியல.

இனி அந்தத் தப்பு. ஒரு ரவுண்ட் நெக் டீசர்ட், மொதல்ல 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் துணி கேட்டிருந்தாங்க, அப்புறம் 180ன்னு மாத்தினாங்க. தம்பி 160லயே போட்டுட்டான். எம் சைஸ் பீஸ் ஒண்ணுக்கு வேஸ்டேஜ் சேக்காம துணி 190 கிராம் வந்திருந்துச்சு, 180ல போட்டா 214 கிராம் வரோணும். 24 கிராம்தானேன்னு இருக்கும், 40,000 பீஸுக்கு அது கிட்டத்தட்ட 960 கிலோ துணி, நூல்ல இருந்து டையிங் வரைக்கும் அத்தனையும் நம்ம கைக்காசு. வெலை பையருக்குப் போறதுக்கு முந்தி என் கண்ணுல பட்டுச்சு. அடுத்த நாளே அவனக் கூப்பிட்டேன்.

அப்பத்தான் சொன்னான். "அந்த வாரம் நான் தொடவே இல்லீங்க்கா. நீங்க சொன்னீங்கன்னுதான் விட்டேன். ராத்திரி தூக்கமே வரல, சோறும் எறங்கல, யாரு பேசினாலும் கோவம் வருது." அதுக்கப்புறம்தான் அந்தக் கேள்விய கேட்டான், அடிச்சிட்டிருந்தப்ப போட்ட ஷீட்ல பெரிய தப்பு எங்கீங்க்கா இருந்துச்சு, வேலைய வச்சு சொல்லுங்கன்னு. எனக்குக் காட்ட ஒண்ணும் இல்ல. சின்னச் சின்ன நழுவல் இருந்துச்சு, நான் திருத்தி விட்டிருந்தேன், ஆனா இந்த அளவுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல.

அவன் சொன்னது சாக்கு இல்லன்னு பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சுது. தெனமும் அடிக்கறவங்க சட்டுனு நிறுத்தினா தூக்கம் கெடும், பசி போகும், எரிச்சல் வரும், மொத வாரத்துலதான் உச்சம், ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிரும்னு போட்டிருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013ல போட்ட கையேட்டுலயே இத ஒரு பாதிப்பாச் சேத்துட்டாங்க. அப்படின்னா அந்த 160 எதுனால வந்துச்சு? கஞ்சாவாலயா, கஞ்சா இல்லாததாலயா, இல்ல தெனம் இருநூறு மெயில் வர்ற எடத்துல யாருக்கும் வர்றதுதானா?

என் பக்கத்தையும் சொல்லோணும். 1991ல விமானம் ஓட்டறவங்க ஒம்போது பேர வச்சு ஒண்ணு பண்ணினாங்க. புகைச்சு 24 மணி நேரம் கழிச்சு சிமுலேட்டர்ல உக்கார வச்சா ஏழு பேருக்கு கொஞ்சமாவது தடுமாற்றம் இருந்துச்சு, ஆனா தனக்கு இன்னும் அது இருக்குன்னு உணர்ந்தது ஒருத்தர்தான். ஒம்போது பேருங்கறது நெம்பக் கம்மி, அதையும் நான் மறைக்கல. ஆனா ராத்திரிதானுங்க்கா அடிக்கறேன், காலைல தெளிவாயிருவேன்னு அவன் சொன்னத நான் ஏன் நம்பலன்னா இதுதான் காரணம். தன்னோட தெளிவ அளக்கறதும் அதே மூளைதானே.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கு. 2018ல எளவயசுக்காரங்கள வச்சுப் பண்ணின பல ஆய்வுகளச் சேத்துப் பாத்ததுல, பாதிப்பு சின்னதுதான், 72 மணி நேரத்துக்கு மேல விட்டிருந்தவங்ககிட்ட அதுவும் கொறஞ்சுதான் இருக்குன்னு வந்துச்சு. நியூசிலாந்துல டுனெடின் ஊர்ல 1972-73ல பொறந்த ஆயிரத்துச் சொச்சம் பேர 38 வயசு வரைக்கும் பாத்தாங்க, 2012ல எழுதினது, டீனேஜ்லயே ஆரம்பிச்சு வருசக்கணக்கா விடாதவங்களுக்கு ஐக்யூ எட்டுப் புள்ளி வரைக்கும் கொறஞ்சுதுன்னு. பெரியவங்களான பொறகு ஆரம்பிச்சவங்ககிட்ட அப்படிக் கொறையல. 2016ல இரட்டைப் பிள்ளைங்கள வச்சுப் பாத்தவங்க, அடிச்ச பிள்ளைக்கும் அடிக்காத பிள்ளைக்கும் வித்தியாசம் இல்ல, குடும்பச் சூழல்தான் காரணமா இருக்கும்னாங்க. பத்தொம்போது வயசுல ஆரம்பிச்ச இவன எந்தக் கணக்குல வைக்கறது. எனக்குப் பிடிபடல.

இன்னொண்ணும் கேட்டுக்கறேன். திருப்பூர்ல சனிக்கெழம சம்பளம், திங்கக்கெழம யாரு வருவாங்க யாரு வரமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ராத்திரி பூரா குடிச்சிட்டுக் கண்ணு செவந்து வர்ற ஆள, போயி மோர் குடிச்சிட்டு வாப்பான்னு சொல்லி மெசின்ல உக்கார வைக்கறோம். குடிச்ச மறுநாள் அவனுக்கும் கவனம் கெட்டுத்தான் இருக்கும். அவன யாரும் எடம் மாத்தல. அரசாங்கம் கடை வச்சு விக்கறது ஒண்ணு, போலீஸ் பிடிக்கறது இன்னொண்ணு, அந்த பயம்தான் என்னைய இவன எடம் மாத்த வச்சுதோன்னு தோணுது. 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா அடிச்சதுக்கே ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாம், பத்தாயிரம் வரைக்கும் அபராதம் போடலாம். மொதலாளிகிட்ட நான் காரணம் சொல்லல, அவனுக்கு சாம்பிள் நல்லா வருமுங்கன்னு மட்டும் சொன்னேன். சொல்லியிருந்தா அன்னிக்கே வெளிய போயிருப்பான், வீட்டுக்கும் தெரிஞ்சிருக்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. தானா போயி அரசாங்க ஆஸ்பத்திரில சிகிச்சை எடுத்துக்கறவங்க மேல, அடிச்சதுக்காக வழக்குப் போடாம விட அதே சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, அதையும் அவனுக்குச் சொன்னேன். "நான் அடிமையெல்லாம் இல்லீங்க்கா"ன்னான். இருக்கலாம். விட்டப்ப தூக்கம் போனவன்தான் அப்படிச் சொல்றான், அதையும் நான் பாக்கோணும்.

இப்ப சம்மர் காஸ்ட்டிங் வருது, ஆள் பத்தல. தம்பிய மறுபடி போடலாமான்னு மொதலாளியே கேக்கறார். அவன் இப்ப அடிக்கறானா இல்லியான்னு நான் கேக்கல, கேட்டா சொல்லீருவான், அதுனாலயே கேக்கப் பயமா இருக்கு. போடறதா இருந்தா அவன் ஷீட்ட மட்டும் இல்ல, எல்லாரு ஷீட்டையும் வெலை போறதுக்கு முந்தி இன்னொருத்தர் கடைசி மெயில் வரைக்கும் வச்சு டிக் பண்ணோணும்னு நெனச்சிருக்கேன். அதுக்கு முந்தி அவனக் கூப்பிட்டு, அன்னிக்கு நான் விட்ட பதிலச் சொல்லோணும். என்ன சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல.