ஊசிக்குள் அஜினமோட்டோவா? பி.சி.ஜி. குப்பியிலிருந்து நூடில்ஸ் பைக்கற் வரை

“ஊசிக்குள்ள அஜினமோட்டோ கலக்கினமாம், பிள்ளையின்ரை மூளைக்குக் கூடாதாம்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, பச்சைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்கும் தாய்க்கு “அதெல்லாம் பொய்” என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. முழுப் பொய் இல்லை அது. அஜினமோட்டோ என்ற பெயரில் விற்கும் சுவையூட்டியான மொனோசோடியம் குளுட்டமேற் சில தடுப்பூசிகளில் இருக்கத்தான் செய்கிறது. குப்பியோடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கும். ஏன் சேர்க்கிறார்கள், எவ்வளவு சேர்க்கிறார்கள், அந்த அளவு பிள்ளையின் உடம்பில் என்ன செய்யும் என்று கணக்கோடு சொன்னால்தான் அவரின் கேள்விக்கு மரியாதை.

பிறந்த பிள்ளைக்குக் காசநோய்க்கு எதிராகப் போடும் பி.சி.ஜி. என்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிரோடிருக்கும் பக்ரீரியா. அதை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமென்றால் உறையவைத்து, வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்தெடுத்துத் தூளாக்க வேண்டும். ஈரம் போகும்போது கிருமியின் சுவரும் புரதங்களும் குலைந்துவிடும். குளுட்டமேற் அவற்றைத் தாங்கிப் பிடித்து, சாகும் கிருமிகளின் தொகையைக் குறைக்கிறது. சுவைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கும், மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுக்கும் வைகாசி வெயிலில் வந்துசேரும் குப்பிக்குள் உயிருள்ள கிருமி மிஞ்சியிருந்தால்தான் ஊசி வேலை செய்யும். குளிர்பெட்டி 2 முதல் 8 பாகை செல்சியஸைக் காக்கிறது, உள்ளே இருக்கும் அந்தத் துளி குளுட்டமேற் உப்பு கிருமியைக் காக்கிறது.

எல்லா ஊசியிலும் இது இல்லை. சில பி.சி.ஜி. தயாரிப்புகளிலும், சில கொப்புளிப்பான் தடுப்பூசிகளிலும், மூக்கில் தெளிக்கும் ஒருவகை இன்புளுவென்சா மருந்திலும் உண்டு. ஐந்து நோய்களுக்கு ஒன்றாக 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டு ஊசி உயிருள்ள கிருமி கொண்டதல்ல. அது திரவமாகவே வருவது, அதில் இருப்பது அலுமினிய உப்பு. வாயில் விடும் போலியோ சொட்டுமருந்துக்குப் பெரும்பாலும் மக்னீசியம் குளோரைட்டுத்தான் காப்பு. ஆகவே ஐங்கூட்டு ஊசி போட்ட இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதை அஜினமோட்டோவின் கணக்கில் எழுத முடியாது. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கு எதிராக உள்ள பகுதியால் வருவது.

அந்த இரவில் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பரசிற்றமோல் அளவு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 15 மி.கி. 5 கிலோ பிள்ளைக்கு 75 மி.கி. 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ள பாணி என்றால் ஏறத்தாழ 3 மி.லீ. ஆனால் சொட்டாக விடும் சிறு போத்தல்களில் 1 மி.லீ.யிலேயே 100 மி.கி. இருப்பதும் உண்டு. அதிலும் அதே 3 மி.லீ. கொடுத்தால் 300 மி.கி. உள்ளே போய்விடும், நான்கு மடங்கு. போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்காமல் கரண்டியை நீட்டாதீர்கள். இரண்டு தடவைக்கு இடையில் 6 மணித்தியாலம் விடுங்கள். காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, விடாமல் வீரிட்டு அழுதாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி அளவு. கொப்புளிப்பானுக்கான வாரிவாக்ஸ் ஊசியில் ஒரு தடவைக்கு 0.5 மி.கி. மொனோசோடியம் குளுட்டமேற். பி.சி.ஜி.யை உலர்த்தும் கரைசலில் 1.5 சதவீதம் வைப்பது வழக்கம். கரைத்த பிறகும் அதே செறிவு என்று வைத்துக்கொண்டால், பிறந்த பிள்ளைக்கு ஏற்றும் 0.05 மி.லீ.யில் 0.75 மி.கி. வரும். அதில் குளுட்டமேற் மட்டும் 0.6 மி.கி. அளவில்.

தாய்ப்பாலில் தனித்த நிலையில் இருக்கும் அமினோ அமிலங்களில் ஆகக் கூடியது குளுட்டமேற்தான். 100 மி.லீ.யில் சுமார் 20 மி.கி.; பசுப்பாலில் 2 மி.கி. அளவுதான். ஒரு நாளைக்கு 600 மி.லீ. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு 120 மி.கி. கிடைக்கிறது. பி.சி.ஜி. ஊசியில் உள்ள அளவு 3 மி.லீ. தாய்ப்பாலுக்குச் சமம். பிள்ளை கக்கி விட்டு, தாய் சேலைத் தலைப்பால் துடைக்கும் பால் அதைவிடக் கூட.

“குடிக்கிறது குடலுக்குப் போகுது, ஊசி நேரே உடம்புக்குப் போகுதே” என்று இதற்கு மறுகேள்வி வரும். நல்ல கேள்வி. குடித்த குளுட்டமேற்றில் பெரும்பகுதியைக் குடலின் சுவரே எரிபொருளாக எரித்துவிடுகிறது. ஊசிக்கு அந்த வடிகட்டல் இல்லைத்தான். அப்படியானால் ஊசியின் முழுக் குளுட்டமேற்றும் ஒரே கணத்தில் பரவிவிட்டதாகவே கணக்குப் போடுவோம். 3 கிலோ பிள்ளையின் கலங்களுக்கு வெளியே உள்ள நீர் ஏறத்தாழ 1.2 லீற்றர். 0.6 மி.கி. அதில் கலந்தால் லீற்றருக்கு அரை மி.கி. கூடும். இரத்தத் திரவத்தில் எந்நேரமும் லீற்றருக்கு 7 மி.கி.யும் அதற்கு மேலும் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் இந்த அரை மி.கி.யும் ஒரே கணத்தில் சேராது. தோலுக்குள் வைத்த மருந்து மெல்ல மெல்லத்தான் கசியும்.

மூளை பாதிக்கும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1969இல் ஜோன் ஒல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்த சுண்டெலிக் குட்டிகளின் தோலுக்கடியில் மொனோசோடியம் குளுட்டமேற் ஏற்றி, மூளையில் சேதம் ஏற்பட்டதைக் காட்டினார். ஆய்வு உண்மையானது. அவர் ஏற்றியது ஒரு கிராம் உடல் எடைக்கு 0.5 முதல் 4 மி.கி. வரை. ஆகக் குறைந்த அளவையே 3 கிலோ பிள்ளைக்குப் பெருக்கினால் 1500 மி.கி. வரும். பி.சி.ஜி.யில் இருப்பதைப்போல் 2000 மடங்கு.

அதே ஆண்டில் அமெரிக்காவின் குழந்தை உணவு உற்பத்தியாளர்கள் போத்தல் உணவுகளில் இதைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறோம். அங்கே அது எதையும் காக்கவில்லை, ருசிக்கு மட்டும் போடப்பட்டது.

ஊசியில் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. பி.சி.ஜி. தோலுக்குள் போக வேண்டும், தோலுக்குக் கீழே அல்ல. சரியாகப் போட்டால் இடது புயத்தில் தோடம்பழத் தோல்போல் சிறு துளைகளோடு ஒரு வெள்ளைத் தடிப்பு எழும்பும். ஆழமாகப் போய்விட்டால் தடிப்பு எழும்பாது. சீழ்க்கட்டிக்கும் கமக்கட்டில் நெறி கட்டுவதற்கும் வாய்ப்புக் கூடும். கரைத்த குப்பியை 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை எறிந்துவிட வேண்டும். குப்பியிலுள்ள வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து நல்லது. அதே நிறமாகவோ கறுத்தோ போயிருந்தால் வெப்பம் பட்டுவிட்டது, போடக் கூடாது. அந்தச் சதுரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

ஊசி போட்டு சில வாரங்களில் அந்த இடத்தில் ஒரு சிறு பரு வரும். பிறகு அது உடைந்து புண்ணாகும், சில வேளை சீழும் வடியும், மூன்று மாத அளவில் ஆறித் தழும்பாகும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. இதைத்தான் பலர் “அஜினமோட்டோ ஒவ்வாமை” என்று எடுத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் பூச வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், பிதுக்க வேண்டாம். தண்ணீர் பட்டால் ஒற்றித் துடைத்துவிட்டுத் திறந்து விடுங்கள். கமக்கட்டுக் கட்டி பெருத்துக்கொண்டே போனால் கிளினிக்கில் காட்டுங்கள்.

உண்மையான ஒவ்வாமைக்குப் பயப்பட வேண்டிய பொருள் ஜெலட்டின். சில உயிருள்ள தடுப்பூசிகளில் அது உண்டு. மிக அரிதாகக் கடும் ஒவ்வாமையைத் தரும். ஜெலி சாப்பிட்டோ முன்னைய ஊசியிலோ பிள்ளைக்கு உடம்பு தடித்திருந்தால், மூச்சு இழுத்திருந்தால், ஊசி போட முன்னரே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் குறைந்தது 15 நிமிடம் கிளினிக்கிலேயே இருங்கள்.

குளுட்டமேற் அள்ளிக் கொட்டப்படும் இடம் சாப்பாட்டுக் கோப்பை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு நூடில்ஸை அவித்து அந்தத் தூளையும் தூவி ஊட்டுகிறார்கள். சோயா மீற் பைக்கற்றுக்குள் வரும் மசாலா, சூப் கட்டி, சின்னப் பைக்கற் நொறுக்குகள் எல்லாம் இந்த வகைதான். பைக்கற்றின் பின்புறத்தில் 621 என்ற இலக்கத்தைத் தேடுங்கள், அதுதான் மொனோசோடியம் குளுட்டமேற். வேறு சுவையூட்டிகளான 627, 631, 635 இருந்தால் பெரும்பாலும் 621உம் கூடவே நிற்கும். ஆனால் இங்கேயும் முதல் எதிரி உப்பு. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நாள் முழுவதும் 1 கிராம் உப்புக்கு மேல் ஆகாது. ஒரு நூடில்ஸ் தூள் பைக்கற்றே அதைத் தாண்டிவிடும். 621ஐ விலக்கும் தாய் அந்த உப்பையும் சேர்த்தே விலக்குகிறார், அதனால்தான் அந்த இலக்கத்தைப் பார்க்கச் சொல்கிறோம். சோயா மீற்றை வெறும் தண்ணீரில் அவித்துப் பிழிந்து, பருப்பு, முருங்கையிலை, ஒரு தக்காளியோடு மசித்தால் தூள் இல்லாமலே ருசி வரும். தக்காளியில் இயற்கையாகவே குளுட்டமேற் உண்டு. குளத்து மீனை முள் பார்த்துப் பிசைந்து சேர்த்தால் இன்னும் நல்லது.

பயத்தால் ஊசியைத் தள்ளிப்போட்டவர்களுக்கு ஒன்று. இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023இல் அது திரும்பவும் வந்தது. சின்னமுத்தைத் தடுக்க 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசி விட்டுப்போயிருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்கே பதிவேட்டோடு போங்கள். எந்த ஊசியையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பி.சி.ஜி. தழும்பு 6 மாதத்திலும் தெரியாவிட்டால் அதையும் அன்றே காட்டுங்கள். 5 வயதுக்குள் இன்னொரு தடவை போடலாம். குப்பியோடு வரும் தாளை வாசிக்க விரும்பினால் ஊசி போட முன்னர் கேளுங்கள், நெரிசல் குறைந்ததும் எடுத்துத் தருவார்கள்.