மிளகு தெரியாத மளிகைக்காரர்

ஒயின் ருசிக்கும் வகுப்பில், ஒயினை வாயில் வைத்துவிட்டுத் துப்ப வேண்டும் என்று கேட்டதிலிருந்தே அத்தானுக்கு மனம் ஆறவில்லை. "காசு கொடுத்ததைத் துப்புவதா?" என்று மேசை நடுவில் இருந்த படிக்கத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சேதாரம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரத்தத்தில் மது 0.05 சதவீதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டுவது குற்றம். திரும்பும்போது வண்டி ஓட்டுவது நான். அதனால் படிக்கம் எனக்கே எனக்கு என்றாயிற்று. அக்கா ஆரஞ்சுச் சாற்றோடு ஒதுங்கிவிட்டாள்.

ருசிக்கக் கற்றுக்கொடுத்தவர் பரோசா பள்ளத்தாக்கில் ஒயின் தயாரிப்பவர். நகக்கண்ணெல்லாம் கருஞ்சிவப்புக் கறை. முதலில் அவர் ஊர் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். 1843-இல் நட்ட கொடிகள் இன்னும் அங்கே காய்க்கின்றனவாம். ஐரோப்பியத் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்த ஃபிலாக்செரா பூச்சி பக்கத்து விக்டோரியாவரை வந்தும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை. 125 வயதைத் தாண்டிய கொடியை பரோசாவில் 'மூதாதை' என்கிறார்கள் என்றதும், "அப்படியென்றால் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டுமே" என்றார் அத்தான். இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்தது அதே மாநிலத்துக் கூனாவாரா பகுதியின் கபர்னே சாவின்யோன் என்ற இன்னொரு சிவப்பு ஒயின். சுண்ணாம்புப் பாறைமேல் படிந்த செம்மண்ணில் விளைவது. முகர்ந்தால் லேசாக நீலகிரித் தைலம். தோட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்களின் வாசம் திராட்சைத் தோலில் ஏறிவிடுமாம். ஊட்டியில் நாம் தைலம் காய்ச்சும் மரமே இங்கிருந்து போனதுதானே! இதை அத்தான் சரியாகப் பிடித்துவிட்டார். பிடித்த பெருமையில் கோப்பையும் காலி.

மூன்றாவதுதான் வினை. விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் மலைப்பகுதி ஷிராஸ். மூக்கருகே கொண்டுபோனதுமே, அப்போதுதான் அம்மியில் தட்டிய மிளகு. மேசை முழுக்கத் தலையாட்டியது.

"மிளகா? எங்கே?" என்றார் அத்தான். மறுபடி முகர்ந்தார். கண்ணை மூடி முகர்ந்தார். மூக்கின் நுனி நனையும்வரை முகர்ந்தார். "முப்பது வருடமாக மூட்டை மூட்டையாக மிளகு விற்கிறேன். எனக்குத் தெரியாத மிளகா?"

தயாரிப்பாளர் சிரிக்காமல் விளக்கினார். அந்த வாசம் ரோட்டண்டோன் என்ற பொருளினுடையது. ஷிராஸில் இருப்பதும் மிளகில் இருப்பதும் அதே பொருள்தான் என்று 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குளிர்ச்சியான இடத்து ஷிராஸில் அதிகம். ஆனால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது மூக்கில் ஏறவே ஏறாது.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கோப்பையை டக்கென்று வைத்தாள்.

"ரசத்தில் மிளகு வாசமே இல்லை, ரசத்தில் மிளகு வாசமே இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து என் உயிரை வாங்கினீர்களே!"

"நாக்கில் காரம் தெரியுமே" என்று அத்தான் முனகினார். காரம் 'பைப்பரின்' என்ற வேறொரு பொருளின் வேலை, அது வேறு கணக்கு என்று தயாரிப்பாளர் அந்த வாசலையும் அடைத்துவிட்டார். எதிரே இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கி, தனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்றார். அத்தான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் பாதி ஒயின் மேசை விரிப்புக்குப் போனது. அந்தச் சேதாரத்தை அவர் கவனிக்கவே இல்லை.

திரும்பும் வழியில் பின்சீட்டில் குறட்டை. அக்கா முன்சீட்டில் கணக்குப் போட்டபடி வந்தாள்.

"ஊருக்குப் போனதும் மிளகுக் கொள்முதலுக்கு இனி நான்தான் போவேன்."