முந்திரித் தோப்பில் ஐஸ் பெட்டி

மார்ச் 9

வண்டி வந்து சேர்ந்தது. ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் ஓர் ஐரோப்பியரின் தோட்டத்தில் பல மழைக்காலங்களாக நின்றிருந்த பழைய கேம்பிங் டிரெய்லர்; காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு. டிராக்டரில் கட்டி, புதுச்சேரியைத் தாண்டிக் கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் உள்ள எங்கள் தோப்புக்குக் கொண்டுவர ஒரு பகல் முழுவதும் ஆனது. டயர்களை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

எதற்கு இந்தக் கூத்து என்று வீட்டில் கேட்டார்கள். முந்திரி உதிரத் தொடங்கினால் மே வரை அப்பா தோப்பை விட்டு நகரமாட்டார். 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களை வேரோடு சாய்த்தது. அதன் பிறகு அவர் கையால் நட்டவை இவை. காவலுக்கு வேறு ஆள் வைக்கலாம் என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஆனால் அவருக்கு இன்சுலின் வேண்டும், அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்கம்பமோ தோப்பிலிருந்து வெகுதூரம். டிரெய்லருக்குள் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதுதான் நான் இதை வாங்கக் காரணம்.

மார்ச் 12

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் தகடு ஒன்று இருந்தது. அழுக்கைத் துடைத்துப் படித்தேன். 230 வோல்ட், 12 வோல்ட், கேஸ் என மூன்று வழியிலும் ஓடுமாம். 12 வோல்ட்டில் 120 வாட். மகிழ்ச்சியில் கணக்குப் போடாமலே வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலை 6 மணிக்கு இணைத்தேன். நள்ளிரவு ஒன்றரைக்கு மீட்டரில் 11.8 வோல்ட். வயர் சூடாக இருந்தது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்த தண்ணீர் வெதுவெதுப்பு மாறியிருந்தது, அவ்வளவுதான். அன்றிரவு ஊரில் கரண்ட் போய், வீட்டில் விசிறி சுற்றவில்லை. அதைப் பற்றி எழுதாமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

மார்ச் 14

போட வேண்டிய கணக்கை இன்று போட்டேன். 120 வாட் என்றால் 10 ஆம்பியர். இந்தப் பழைய வகையில் 12 வோல்ட் பக்கம் தெர்மோஸ்டாட்டே கிடையாது; குளிர்ந்தாலும் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும். நாளொன்றுக்கு 2,880 வாட்-மணி. பேட்டரியில் இருப்பது மொத்தம் 1,800, அதிலும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். கையிலிருக்கும் 900 ஏழரை மணி நேரத்தில் தீரும். அப்படியேதான் தீர்ந்தது.

கடைக்காரர் மூன்று பெரிய சோலார் தகடுகளும் நான்கு பேட்டரிகளும் போதும் என்றார். 'போதும்' என்ற சொல்லை அவ்வளவு எளிதாகச் சொன்ன மனிதரை நான் பார்த்ததில்லை.

12 வோல்ட் வசதியே டிரெய்லரைக் கார் இழுத்துப் போகும்போது அந்தக் காரின் எஞ்சினிலிருந்து எடுத்துக்கொள்வதற்காக வைத்தது. உள்ளே இருக்கும் குளிரைக் காப்பாற்றும், புதிதாக உண்டாக்கத் திணறும். நின்ற இடத்தில் இதற்குக் கேஸ்தான் தீனி.

மார்ச் 17

அப்பாவிடம் சொன்னேன். "தீயை வைத்தா ஐஸ் பண்ணுவாய்?" என்றார்.

அவர் கேட்டதில் தவறில்லை. இதில் கம்ப்ரசர் இல்லை, அசையும் உறுப்பு எதுவும் இல்லை. அடியில் எரியும் சின்னச் சுடர், தண்ணீரில் கரைந்த அம்மோனியாவைக் கொதிக்க வைத்துப் பிரிக்கிறது. ஆவி மேலேறி, பின்பக்கக் குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் தண்ணீரில் கரைந்து கீழே இறங்குகிறது. 1922-இல் ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ஏற்பாடு. "சாராயம் காய்ச்சுவது மாதிரி" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். அரை மணி நேரம் படம் வரைந்து விளக்கியவன் நான்.

மார்ச் 23

எரியவைத்துவிட்டேன், ஐந்து நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு. பர்னருக்கு மேலிருந்த புகைக்குழாயில் துரு உதிர்ந்து அடைத்திருந்தது. பர்னருக்குக் கேஸ் விடும் ஜெட்டின் நுண்துளையில் ஊசியை விடப்போனேன். கடலூரில் கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் சுடர் மஞ்சளாகிக் கரி படியும் என்றார். ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதியதில் திறந்துகொண்டது. புது ரப்பர் குழாய், 5 கிலோ சிலிண்டர், எல்லா மூட்டுகளிலும் சோப்பு நீர். குமிழி வரவில்லை. சிலிண்டர் வெளியேதான் நிற்கிறது. புகையும் வெளியேதான் போகிறது. என்றாலும் படுக்கைப் பக்க ஜன்னலை மூடவிடாமல் கட்டை கொடுத்திருக்கிறேன்.

கேஸ் குமிழை இருபது விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்ட பிறகும் சுடர் அணையாமல் நின்றது, நீலமாக.

மார்ச் 24

குளிரவில்லை. காரணம் சரிவு. திரவம் தானாக இறங்கி ஓடும் பெட்டி இது; சாய்ந்து நின்றால் உள்ளேயே தேங்கிவிடும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி ஃப்ரீசர் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கீழே செம்மண் அமுங்கியிருந்தது. பலகை கொடுத்துத் தூக்கினோம். மறுநாள் காலை தண்ணீர்த் தம்ளரில் வைத்த வெப்பமானி 5 காட்டியது. அப்பா எதுவும் சொல்லவில்லை, மோர்ச் செம்பைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்.

மார்ச் 26

முந்திரிக்கொட்டை நிறுக்கும் தராசில் சிலிண்டரை ஏற்றினேன். மூன்று நாளில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சிலிண்டர் பதினைந்து நாள் வரும்.

ஏப்ரல் 6

மதியம் கடற்காற்று எழுந்தால் சுடர் அணைகிறது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் வண்டிச் சுவரில் காற்றுப் போக விட்டிருக்கும் காற்றுத்தடுக்குகள் கிழக்கே பார்த்திருந்ததுதான் வினை. மேற்கே திருப்பினால் மாலை வெயில் சுடும். ஆறு பேர் சேர்ந்து தள்ளி வடக்கே திருப்பினோம், மறுபடி ரசமட்டம்.

ஏப்ரல் 27

கோடை மழை. இரவு நன்றாகக் குளிர்ந்துவிட்டது. நான் குளிரைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பியே விட்டிருந்தேன். குளிர்த்தகடை ஒட்டி வைத்த இன்சுலின் குப்பி உறைந்துபோனது. உறைந்த மருந்து உருகினாலும் பயன்படாது, எறிய வேண்டியதுதான். இனி மருந்து கதவுப் பக்கத் தட்டில், துணி சுற்றிய டப்பாவுக்குள். அவசரத்துக்கு ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறேன்: பானைக்குள் பானை, நடுவே ஈரமணல்.

மே 6

அக்னி நட்சத்திரம். உள்ளே 11 டிகிரி. வெளியே கொதிக்கும்போது பின்பக்கக் குழாய் யாரிடம் சூட்டைக் கொடுக்கும்? நிழலான வடக்குப் பக்கத்தில் எப்படி வெயில் என்று குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. ஏப்ரல் 21-ஐ ஒட்டிக் கடலூரில் நண்பகல் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. அதற்காகத் தென்னங்கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்கினோம்.

மேல் காற்றுத்தடுக்குக்கு உள்ளே பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைச் சூடான காற்றை மேலே தள்ளும்படி கட்டினேன். 2 வாட்தான். 40 வாட் சோலார் தகடும் யு.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிய 7 ஆம்பியர்-மணி பேட்டரியும் அதற்குத் தாராளம். மறுநாள் காலை 7 டிகிரி. ஃப்ரிட்ஜையே வெயிலில் ஓட்டக் கிளம்பியவன், கடைசியில் அதற்கு விசிறி வீச மட்டும் வெயிலைப் பிடித்திருக்கிறேன்.

மே 19

கடைசிக் கொட்டையும் பொறுக்கியாயிற்று. நான்காவது சிலிண்டரில் இன்னும் கொஞ்சம் மிச்சம். பொறுக்க வந்த பெண்கள் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை உள்ளே வைக்கிறார்கள். கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்று சொன்னால் அப்பாவே கேட்பதில்லை, அவர்களிடம் எப்படிச் சொல்வது? நாளை கேஸை மூடிவிட்டுப் பர்னர் வாயில் நுண்வலை கட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த பங்குனிக்குள் குளவி கூடு கட்டியிருக்கும்.