அப்பச்சி விழுந்த நாளிலிருந்து

ஜனவரி 27
அப்பச்சி, அம்மாவின் அப்பா, பாத்ரூமில் விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. ஈரோட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று.

ஜனவரி 28
நாளைக் காலை ஆபரேஷன். வயசு 81, சர்க்கரை வேறு. மாமாதான் கையெழுத்துப் போட்டார்.

இவர் எப்படி விழுந்தார்? காலையிலிருந்து மனசு இதையேதான் கேட்கிறது. சர்க்கஸ் ஜோக்கர். ஒரு நாளைக்கு மூன்று ஷோ, உயரத்தில் ஊஞ்சலாடும் பாரிலிருந்து வலையில் விழுவதே பிழைப்பாக இருந்தவர். பாரில் மற்றவர்கள் தவறக் கூடாது. ஜோக்கர் தவறுகிற மாதிரி விழ வேண்டும், அதற்கு மற்றவர்களைவிட அவனுக்குப் பார் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயசில் எங்களைக் கட்டிலில் ஏற்றி, கீழே மெத்தை போட்டு விழச் சொல்லுவார். "காலை ஊனாத கண்ணு, முழங்கால் போயிரும். மல்லாக்க விழோணும். தாடையை நெஞ்சுல ஒட்டிக்கோ."

ஜனவரி 29
ஆபரேஷன் முடிந்தது. பேச்சில்லை.

ஜனவரி 31
வேட்டி எடுக்க வீட்டுக்குப் போனேன். பீரோவுக்கு அடியில் அந்தத் தகர டப்பா. வேஷத்துக்கு முகத்தில் பூசும் முத்துவெள்ளை கட்டிபிடித்துக் கிடக்கிறது. நகத்தால் சுரண்டி, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். இன்னும் குழைகிறது.

கோயமுத்தூர் வ.உ.சி. மைதானத்தில் அம்மிச்சி, அம்மாவின் அம்மா, முதல் தடவை அவர் ஆட்டத்தைப் பார்த்தபோது ஆள் அடையாளம் தெரியவில்லையாம். பபூன் இடது காதைத் தேய்த்தபோதுதான் சிரிப்பு நின்றதாம். கூச்சம் வந்தால் அப்பச்சி காதைத் தேய்ப்பார்.

பிப்ரவரி 2, ஞாயிறு
தூக்கம் வரவில்லை. ஜோசப் கிரிமால்டியைப் பற்றிப் படித்தேன். 1778இல் பிறந்த லண்டன் மேடைக் கோமாளி. சர்க்கஸ்காரர் இல்லை, ஆனாலும் வெள்ளை பூசிய முகத்தில் சிவப்பு தீட்டும் வழக்கம் அவரிடமிருந்துதான் பரவியது. குதித்துக் குதித்து மூட்டெல்லாம் போய், 1828இல் விடைபெறும்போது நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் நடித்தார். ஐம்பதுகூட ஆகவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறன்று லண்டன் தேவாலயத்தில் கோமாளிகள் வேஷத்தோடு கூடி அவரை நினைக்கிறார்கள். இன்றைக்குத்தான் அது.

அப்பச்சிக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர்கள் கேரளத்துத் தலச்சேரிக்காரர்கள். அங்கே 1901இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பேரை எடுத்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பிப்ரவரி 4
வாக்கர் வைத்தார்கள். நிற்க மாட்டேன் என்றுவிட்டார்.

பிப்ரவரி 6
ராத்திரி தானாகவே பேசினார்.

"ஒரு புள்ள வலைக்கு வெளிய விழுந்துருச்சு. பேண்டை நிறுத்த உடலை. என்னைய உள்ள தள்ளுனாங்க. ஆடுனேன். கேலரியே சிரிச்சுது."

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருசம் இதை யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்புக் காட்டியதைத்தான் நாங்கள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிப்ரவரி 8
பச்சை வேட்டியோடு பழனிக்கு நடப்பவர்கள் ஜன்னல் வழியே தெரிகிறார்கள். காவடியைப் பார்க்கத் தலையணையை உயர்த்தச் சொன்னார். சரி, இப்போதாவது கேட்டுவிடலாம் என்று கேட்டேன். எப்படி அப்பச்சி விழுந்தீங்க?

"கையில அம்மிச்சி சொம்பு இருந்துச்சு கண்ணு. அதைய விட்டுட்டு விழ மனசு வல்லை."

சொம்பு நசுங்கவில்லை. போய்ப் பார்த்தேன்.

பிப்ரவரி 10
வாக்கரைப் பிடித்து நின்றார். நர்ஸ் கை தட்டினார். அப்பச்சி இடது காதைத் தேய்த்தார்.

நாளைக்கு வரும்போது தகர டப்பாவை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.