ஈரல் கால் கிலோ

"இந்த ஈரல் வேணாம் தம்பி, அடுத்த ஆடு உரிச்சதும் தர்றேன்." கறிக்கடை அண்ணன் ஒதுக்கிய ஈரல் மஞ்சள் பாரித்து, ஓரம் தடித்திருந்தது.

"பருத்திக்காட்டுல மேஞ்சிருக்கும்" என்றார். ஈரலில் வாழும் தட்டைப்புழுவின் வேலையாகவும் இருக்கலாம், பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

ஆனால் மருந்தடித்த காட்டில் மேயும் ஆட்டுக்கு ஈரல்தான் பாடுபடுகிறது.

குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து உள்ளே போனால் ஈரல் அதை முதலில் ஆக்சான் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. மூல மருந்தைவிட அது கடுமையான விஷம்! பிறகு அதையும் உடைத்து, சிறுநீரகத்துக்குத் தள்ளுகிறது.

ஒரே நாளில் நிறையத் தின்றால் நுரை தள்ளிச் செத்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும்.

தினம் துளித்துளியாகப் போனால்? எலிச் சோதனைகளில் ஈரல் செல்களில் கொழுப்பு சேர்கிறது, சிறுநீரக நுண்குழல்கள் சிதைகின்றன. வெளியே ஒன்றும் தெரியாது. மேயும், அசைபோடும், சந்தையில் நல்ல விலைக்கும் போகும்.

மருந்தடித்து எத்தனை நாள் கழித்து விளைச்சலை எடுக்கலாம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. வரப்போரம் மேயும் ஆட்டுக்கு யார் படித்துக் காட்டுவது?