பன்னிரண்டு படங்களும் ஒரு தவறான தேதியும்

டப்ளினில் எங்கள் பகுதி நூலகத்தின் வரலாற்று வாசகர் குழு, அயர்லாந்தின் விடுதலைப் போராட்டத் தலைவரும் பின்னாளில் அதன் குடியரசுத் தலைவருமான எய்மன் டி வலேராவின் பொதுவாழ்வைப் பன்னிரண்டு புகைப்படங்களில் காட்டும் சிறு கண்காட்சி ஒன்றை நடத்தத் தீர்மானித்தபோது, படங்களைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. படங்கள் எல்லாம் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவைதாமே, எடுத்து ஒட்டினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். நான்கு மாதங்கள் ஆயின.

படங்களுக்குப் பஞ்சமே இல்லை. கில்டேர் தெருவில் உள்ள அயர்லாந்து தேசிய நூலகத்தில் கியோ சகோதரர்கள், டபிள்யூ. டி. ஹோகன் போன்ற அந்தக் கால டப்ளின் புகைப்படக்காரர்களின் தொகுப்புகள் இருக்கின்றன. பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே இணையக் கேட்டலாக்கில் பார்த்துவிடலாம். டி வலேராவின் சொந்த ஆவணங்கள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் சரணடைந்து மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட கைதி முதல், 1973-இல் தொண்ணூறு வயதில் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கிய முதியவர் வரை, கேமரா அவரை விடாமல் தொடர்ந்திருக்கிறது. ஆள் வேறு நல்ல உயரம்; எந்தக் கூட்டத்திலும் மற்றவர்களின் தலைக்கு மேலே அவர் தலை தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. வேலையை இழுத்தடித்தது படங்களின் கீழே இருந்த எழுத்துதான்.

முதல் சிக்கல் 1919-ஆம் ஆண்டில் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 21 அன்று டப்ளின் மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸில் ஐரிஷ் நாடாளுமன்றமான டாயில் முதன்முறையாகக் கூடியது. அதற்குப் படம் வேண்டும் என்று தேடியபோது, புகைப்படங்களை விற்கும் நிறுவனம் ஒன்றின் பட்டியலில் அழகான குழுப்படம் கிடைத்தது: வரிசை வரிசையாக உறுப்பினர்கள், முன்வரிசையில் ஒன்பது பேர், நட்டநடுவில் டி வலேரா, இடப்பக்கம் இரண்டாவதாக இன்னொரு விடுதலைப் போராட்டத் தலைவரான மைக்கேல் காலின்ஸ். கீழே ‘1919 ஜனவரி 21, முதல் டாயில்’ என்று போட்டிருந்தார்கள். நானும் பணம் கட்டி வாங்கி, குறிப்பும் எழுதிவிட்டேன். அன்று இரவு அவருடைய சிறை நாட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. அந்த ஜனவரியில் டி வலேரா இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் அல்லவா இருந்தார்? மெழுகில் பதித்தெடுத்த சாவியின் அச்சு, கேக்குக்குள் மறைத்து அனுப்பிய சாவி என்று கதைபோல நடந்த அந்தத் தப்பித்தல் 1919 பிப்ரவரி 3 அன்றுதான். அவரை வெளியே கொண்டுவரும் ஏற்பாட்டில் இங்கிலாந்தில் இருந்த காலின்ஸும் முதல் கூட்டத்திற்கு வரவில்லை. அன்று வந்தவர்களே மொத்தம் இருபத்தேழு உறுப்பினர்கள்தாம். நான் வாங்கிய படம் உண்மையில் ஏப்ரல் 10 அன்று எடுக்கப்பட்டது. அந்த மாதம்தான் டி வலேரா டாயிலின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

படத்தை நீக்கிவிடலாம் என்று குழுவில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரியான தேதியோடு அதையே மாட்டி, ‘முதல் கூட்டம் நடந்த நாளில் இவர் சிறையில் இருந்தார்’ என்று கீழே எழுதினால், பார்ப்பவருக்கு அந்த ஆண்டைப் பற்றிக் கூடுதலாகவே தெரியவரும் என்று வாதாடினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்திற்கும் அந்த நாளின் செய்தித்தாளைப் பார்த்து, அவர் அங்கே இருந்தாரா என்று உறுதிசெய்யாமல் குறிப்பு எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வழக்கம் அடுத்த படத்திலேயே கைகொடுத்தது. விடுதலைப் போரை முடிக்க பிரிட்டனுடன் செய்துகொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் உடன்படிக்கைக்கு ஒரு படம் வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். ஆனால் 1921 டிசம்பர் 6 அதிகாலையில் லண்டனில் கையெழுத்தானபோது அவர் அங்கே இல்லை. ஜூலையில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜைச் சந்திக்கப் போனவர், அக்டோபரில் தொடங்கிய பேச்சுவார்த்தைக்கு ஆர்தர் கிரிஃபித், காலின்ஸ் உள்ளிட்டோரை அனுப்பிவிட்டு டப்ளினிலேயே தங்கிவிட்டார். உடன்படிக்கை கையெழுத்தான அன்று மாலை அவர் தலைமை தாங்கியது, கவிஞர் தாந்தேயின் அறுநூறாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சிக்கு. ஏன் போகவில்லை என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் துரத்தியது. ஆகவே ஜூலை மாதத்து லண்டன் படத்தை வைத்து, டிசம்பரில் அவர் இல்லாததையும், 1922 ஜனவரி 7 அன்று 64-க்கு 57 என்ற கணக்கில் டாயில் அந்த உடன்படிக்கையை ஏற்றதையும், அதை எதிர்த்தவர் இவர் என்பதையும் குறிப்பில் சேர்த்தேன். அந்த ஒரு குறிப்பை மட்டும் ஒன்பது முறை திருத்தி எழுதினேன். உடன்படிக்கையை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் நின்ற குடும்பம் என்பது இங்கே இன்னமும் மறக்கப்படாத விஷயம்.

1919 அக்டோபரில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒஜிப்வே பழங்குடி மக்கள் அவரைத் தங்கள் தலைவராக ஏற்றுச் சிறப்பித்தபோது, இறகுகள் சூடிய தலையணியுடன் எடுத்த படத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அரை நாள் விவாதம் நடந்தது. சிரிப்பார்கள் என்றார் ஒருவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் டி வலேராவின் முகத்தில் சிரிப்பே இல்லை. கணக்கு வாத்தியார் தேர்வு அறையில் நிற்பதுபோல நிற்கிறார். அவர் உண்மையிலேயே கணக்கு வாத்தியார்தான். சேர்த்தோம்.

அச்சுக்குப் போகும் முந்தின நாள் இன்னொரு கண்டம். 1930-களில் எடுத்த ஒரு படத்தில் ஏதோ உறுத்தியது. மறுபடி மறுபடி பார்த்தபின்தான் கோட்டின் பொத்தான்கள் கண்ணில் பட்டன. ஆண்கள் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும். இதில் எதிர்மாறாக இருந்தது. கண்ணாடித் தகட்டு நெகட்டிவை யாரோ புரட்டி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பின்னணியில் ஒரு பெயர்ப்பலகை இருந்திருந்தால் எழுத்துகளே காட்டிக்கொடுத்திருக்கும். வெறும் சுவர் என்பதால் தப்பிவிட்டது. மூலத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு படத்தைத் திருப்பிப் போட்டோம். மேல்பையும் அதன் கைக்குட்டையும் நெஞ்சின் இடப்பக்கத்திற்கு ஒழுங்காக வந்து சேர்ந்தன.

கடைசி இரண்டு படங்களுக்குச் சிரமமே இல்லை. 1963 ஜூனில் கென்னடியை விமான நிலையத்தில் வரவேற்கும் எண்பது வயதுக்காரர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. 1965 மார்ச் 1 அன்று, 1916-இல் ஐரிஷ் விடுதலைக்காக லண்டனில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்ட்டின் எலும்புகளைக் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தபோது, உடல்நலம் குன்றியிருந்தும் கடுங்குளிரில் தொப்பியைக் கழற்றி நின்ற படம் அடுத்தது. இதற்கு இரண்டே வரியில் குறிப்பு எழுதினேன்.

கண்காட்சி முடிந்தபின், அந்தக் குழுப்படத்தை விற்ற நிறுவனத்திற்குச் சான்றுகளோடு விரிவாக மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாளே நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. சென்ற வாரம் அவர்கள் பட்டியலைத் திறந்து பார்த்தேன். படம் இன்னும் ‘1919 ஜனவரி 21’ என்றே விற்பனையில் இருக்கிறது, விலையைத்தான் உயர்த்தியிருக்கிறார்கள்.